படம் அச்சிடும் யூவி பெட்டி: கசியும் வெளிச்சத்தை மறிப்பது

ஐப்பசிக் கடைசியில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால், தை பிறக்கும் வரை வன்னியில் வெயிலை நம்பி ஒரு வேலையும் வைத்துக்கொள்ள முடியாது. பெரும்போகம் விதைத்தவர்களுக்கு அது நல்ல காலம். வெயிலில் படம் அச்சிடுகிறவர்களுக்கு அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற காலம். சயனோரைப், வன்டைக் பிரவுண், பிளாட்டினம், கம் அச்சு என்று பழைய முறைகளில், தாங்களே கடதாசியில் மருந்து பூசிப் படம் அச்சிடுகிறவர்கள் ஒரு நாள், வெயிலுக்குப் பதிலாக விளக்கு எரிகிற யூவி பெட்டி ஒன்றைச் செய்துகொள்வதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் நேரம். பகல் முழுக்க வேறு வேலை இருக்கும். இரவில்தான் கை ஓயும்.

முறையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயனோரைப் 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. அமோனியம் பெரிக் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு என்ற இரண்டு உப்புகளையும் தண்ணீரில் கரைத்துக் கலந்து, மங்கலான அறையில் கடதாசியில் பூசிக் காய வைக்க வேண்டும். மேலே நெகற்றிவ்வை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்ட வேண்டும். கழியூதாக் கதிர், அதாவது எல்லோரும் யூவி என்று சொல்வது, பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாறி நீலமாகப் படியும். படாத இடத்து மருந்து தண்ணீரில் கழுவுப்பட்டுப் போய்விடும். 1843இலேயே அன்னா அட்கின்ஸ் இந்த முறையில் கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். வீட்டு வரைபடத்துக்கு ஒரு காலத்தில் ப்ளூபிரிண்ட் எடுத்ததும் இதே இரசாயனத்தால்தான். மற்ற முறைகளில் மருந்து வேறு, நிறம் வேறு; தேவைப்படுகிற வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த மருந்துகள் எல்லாமே மந்தமானவை. இருட்டறையில் படத்தைப் பெருப்பிக்கிற இயந்திரத்தின் வெளிச்சம் இவற்றுக்குப் போதாது. ஆகவே படம் எந்த அளவோ, நெகற்றிவ்வும் அந்த அளவு. இப்போது கைத்தொலைபேசிப் படத்தில் கறுப்பு வெள்ளையைக் கணினியில் தலைகீழாக்கி, கண்ணாடித் தாளில் பிரிண்ட் எடுத்தே நெகற்றிவ் செய்கிறார்கள். இடம்பெயர்வுகளில் அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் இங்கே நிறைய. மிஞ்சியது ஒரு அடையாள அட்டைப் படம் மட்டும் என்றால், அதை ஒரு நல்ல கடதாசியில், கையால் பூசிய மருந்தில், சுவரில் மாட்டக்கூடிய படமாக்குவது சின்ன வேலை இல்லை. அந்த வேலை இங்கே வளர வேண்டும் என்று விரும்புகிறேன். அதனாலேயே பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

பெட்டி செய்கிறவர்கள் எல்லோரும் தாளின் மேல் எவ்வளவு யூவி விழுகிறது என்று கவனிக்கிறார்கள். ரியூப்களுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, தாளுக்கு எவ்வளவு உயரத்தில் வைப்பது, எத்தனை நிமிடம் காட்டுவது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். தாளைத் தவிர வேறு எங்கெங்கே அந்த வெளிச்சம் போகிறது என்ற பேச்சு வருவதில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற ஊதா 400 நனோமீற்றர் அளவில் முடிகிறது. அதற்குக் கீழே 315 வரை யூவி-ஏ, 280 வரை யூவி-பி, அதற்கும் கீழே யூவி-சி. படத் தாளுக்கு வேண்டியது பெரும்பாலும் 320க்கும் 400க்கும் இடைப்பட்டது. பெட்டிக்குப் போடுகிற பி.எல்., அதாவது பிளாக்லைற், ரியூப்பின் உச்சம் 350க்கும் 370க்கும் நடுவில். ரியூப் எரியும்போது நாம் பார்க்கிற அந்த மங்கலான நீல ஊதா, உண்மையான வேலை செய்கிற கதிரின் ஓரத்தில் மிஞ்சிய துண்டு மட்டுமே. கண்ணாடி கறுத்த ஊதாவாக இருக்கும் பி.எல்.பி. என்ற வகையில் அதுவும் வடிகட்டப்பட்டிருக்கும். பார்க்கக் குறைந்த வெளிச்சம்; யூவி ஏறக்குறைய அதே அளவு.

பார்வைக்கு மங்கல் என்பதால் உடம்பின் காவல் ஒன்றும் எழும்பாது. நடுப்பகல் வெயிலில் கருமணி சுருங்கும், இமை தானாக இடுங்கும், கை நெற்றிக்குப் போகும். பெட்டிக்கு முன்னால் இருட்டு அறையில் கருமணி அகலத் திறந்திருக்கும். கூசவில்லை, ஆகவே பரவாயில்லை என்று நினைத்து ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கப் பார்க்கக் கண்ணில் ஒரு பனிமூட்டம் மாதிரித் தெரியும். அது கண்ணின் வில்லை யூவியை உறிஞ்சித் தானே மெல்ல ஒளிர்வது. அப்படித் தெரிந்தால் கண்ணுக்குள் கதிர் போய்விட்டது என்று அர்த்தம்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இரவு முழுக்கக் கண்ணில் மண் கொட்டியது போல அரற்றியவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அது யூவி-பி, யூவி-சி செய்கிற வேலை. கருவிழியின் மேல் தோல் வெந்துபோவது. சில மணித்தியாலம் கழித்துத்தான் வலி வரும், ஆனால் வரும். யூவி-ஏ அப்படி அன்றிரவே எச்சரிக்காது. அது வில்லையில் உறிஞ்சப்படுகிறது. வருடக் கணக்கில் சேர்ந்தால் கண்ணில் பூ விழுவதற்கு ஒரு காரணமாகிறது. தோலில் யூவி-பியை விட ஆழமாக இறங்கும். யூவி கதிர் முழுவதையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்திருக்கிறது.

அளவு என்ன? அயனாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு, மறைப்பில்லாத கண்ணுக்கு 8 மணித்தியாலத்துக்குள் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1 ஜூல் யூவி-ஏ என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் 1 மில்லிவாற்று விழுகிற இடத்தில் இந்த எல்லை 1000 செக்கனில், அதாவது 17 நிமிடத்துக்குள், நிரம்பிவிடும். மூடி திறந்த நிலையில் எரிகிற பெட்டியின் அருகே நின்று ஒரு சயனோரைப்பை முழுதாக அச்சிட்டு முடிக்கிற நேரம் அது. பெட்டிக்குள் தாளின் மேல் விழுவதோ சில மில்லிவாற்று.

உடனே ஒரு கேள்வி வரும்: வன்னி வெயிலிலும் அவ்வளவு இருக்கிறதே? இருக்கிறது. தெளிந்த நாளின் உச்சி வெயிலில் யூவி-ஏ 5, 6 மில்லிவாற்று வரும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. கிளிநொச்சிக்கு அது ஏறக்குறைய ஏப்ரல் 14. ஆனால் சூரியன் மேலே இருந்து அடிக்கிறது. புருவ எலும்பும் இமையும் தலையின் குனிவும் அதைக் கண்ணுக்குள் விடுவதில்லை. சூரியனை யாரும் பத்து நிமிடம் நேரே பார்ப்பதும் இல்லை. பெட்டி மேசையில் இருக்கிறது. அதன் வெளிச்சம் முகத்துக்கு நேரே அல்லது கீழிருந்து மேலே வருகிறது. கீழிருந்து வருகிற வெளிச்சத்துக்கு நம் முகத்தில் ஒரு காவலும் இல்லை.

விளக்கு வகைக்கு வருவோம். எல்லாவற்றிலும் பயந்து விலக வேண்டியது கிருமி கொல்லும் ரியூப். அது 254 நனோமீற்றரில் எரிவது, யூவி-சி. கொரோனாக் காலத்தில் இவை பரவலாக விற்கப்பட்டன. இப்போதும் இணையத்தில் வெறுமனே யூவி விளக்கு என்ற பெயரில் கிடைக்கின்றன. கண்டுபிடிப்பது சுலபம்: ரியூப்பின் உள்ளே வெள்ளைப் பூச்சு இருக்காது, தெளிந்த கண்ணாடி, உள்ளே கம்பிச்சுருள் தெரியும். கொஞ்ச நேரத்திலேயே கண்ணையும் தோலையும் வேகவைத்துவிடும். படத்துக்கும் உதவாது, ஏனென்றால் நெகற்றிவ்வை அழுத்துகிற சாதாரணக் கண்ணாடியே 254ஐ மறித்துவிடும். அதே அளவு ஆபத்தான இன்னொரு பழக்கம், தெருவிளக்குக்குப் போடுகிற மேர்க்குரி பல்ப்பின் வெளிக் கண்ணாடியை உடைத்துவிட்டு உள்ளே இருக்கும் சின்னக் குழாயை எரிப்பது. அந்த வெளிக் கண்ணாடிதான் யூவி-சியைத் தடுத்து வைத்திருந்தது. யாராவது வெளிச்சம் கூடும் என்று சொல்லித்தந்தால் கேட்க வேண்டாம்.

பூச்சிப் பொறிக்குப் போடுகிற பி.எல். ரியூப் கிடைக்கிறது, விலையும் தாங்கும், வெளிச்சம் சமமாகப் பரவும். வீட்டில் செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எல்.ஈ.டி. பெட்டிகளில் 365, 385, 395, 405 என்று வகைகள் உண்டு. சின்ன இடத்திலிருந்து கனமான வெளிச்சம் வருவதால் அதை நேரே பார்ப்பது ரியூப்பைப் பார்ப்பதை விட மோசம்.

எது மறிக்கும், எது மறிக்காது என்பதில்தான் தப்பான நம்பிக்கைகள் அதிகம். யன்னல் கண்ணாடி யூவியை மறிக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். யூவி-பியில் பெரும்பகுதியை மறிக்கும், உண்மை. யூவி-ஏயை மறிக்காது. மறித்திருந்தால் கண்ணாடிக்கு அடியில் படமே அச்சாகாதே. ஆகவே பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டால் அது மூடி அல்ல. காரின் முன் கண்ணாடி வேறு விசயம். அது இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளாஸ்ரிக் படலம் ஒட்டியது, அந்தப் படலம் யூவியைப் பிடித்துவிடும். தெளிந்த பொலிகாபனேற் தகடு வெறும் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரித்தான், ஆனால் ஏறக்குறைய 380 வரைக்கும் யூவியை விடாது. பெட்டியில் பார்க்கும் துவாரம் வேண்டும் என்றால் அதைப் போடலாம். உண்மையில் துவாரம் தேவையில்லை. எரிகிறதா என்று தெரிய வெளியே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு போதும்.

பிளைவூட், ஹாட்போட், தகரம், தடித்த கார்ட்போட், கறுப்புப் பொலித்தீன் எல்லாம் மறிக்கும். மெல்லிய வெள்ளைச் சேலையும் ஓட்டை விழுந்த பழைய சாரமும் மறிக்காது. துணியைத் திரையாகப் போடுவதானால் கறுப்பு, தடிப்பு, இரண்டு மடிப்பு. வெளிறிய தரப்பாளை நம்ப வேண்டாம். பகலில் அதற்கு உள்ளே நின்றால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பது வன்னியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளைச் சுவர் விசயத்தில் கண் நன்றாக ஏமாறும். கடையில் வாங்குகிற வெள்ளைப் பெயின்ரில் இருக்கிறது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அது தெரிகிற வெளிச்சத்தை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு யூவியைப் பெருமளவு விழுங்கிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்ற அந்தச் சுவர் யூவிக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. பெட்டிக்குள் வெள்ளைப் பெயின்ர் பூசி, தாளுக்கு வெளிச்சம் கூட்டிவிட்டோம் என்று நினைப்பவர்களுக்கு இதனால் நட்டம். மாறாக அலுமினியத் தாளும் பளபளக்கிற அலுமினியத் தகடும் யூவியை நன்றாகத் திருப்பும். சுண்ணாம்பு அடித்த சுவரும் பெயின்ரை விடத் திருப்பும். கூரைக்கு அலுமினியத் தகடு போட்ட கொட்டிலில் மேலே பார்த்தபடி திறந்த பெட்டியை எரித்தால், தகட்டில் பட்டுத் திரும்புவது முழு இடத்துக்கும் பரவும்.

போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் கட்டிய சின்ன வீடுகளில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. உள்சுவர் கூரை வரை போகாத வீடுகள் பல, சீலிங் இருக்காது. யன்னலுக்கு மேலே காற்றுப் போகிற பூக்கல். ஒரு அறையில் எரிகிற விளக்கு சுவரின் மேலால் அடுத்த அறைக்குப் போகும். படிக்கிற பிள்ளையும் படுத்திருக்கிற ஆச்சியும் அங்கேதான். அதனால் அறைக் கதவைச் சாத்திவிட்டேன் என்பது இந்த வீடுகளில் மறைப்பு ஆகாது. மறைப்பு பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

பெட்டி எங்கே கசியும்? முதலில் மூடியும் உடம்பும் சேருகிற இடம். பலகையை எவ்வளவு நேராக அறுத்தாலும் நம் மழைக்கும் வெயிலுக்கும் அது ஒரு பக்கம் வளையும். மூடி மேலே சும்மா உட்காருவது போல இல்லாமல், விளிம்பு இரண்டு அங்குலம் கீழே இறங்கி உடம்பைச் சுற்றி மூட வேண்டும். அப்படி ஒரு விளிம்பு வைத்துவிட்டால் பலகை வளைந்தாலும் வெளிச்சத்துக்கு நேர் வழி கிடையாது. பிணைச்சல் போட்ட பக்கத்தை மறந்துவிடுவார்கள். அங்கே கறுப்பு ரெக்சீன் பட்டி ஒன்றை உள்ளே ஒட்டலாம்.

இரண்டாவது காற்றுத் துவாரம். இதில்தான் வன்னிக்கென்று ஒரு கஷ்டம். ரியூப்கள் வரிசையாக எரிகிற பெட்டி சூடாகும். வெளியிலேயே 33, 34 பாகை என்றால் உள்ளே இன்னும் ஏறும். சூடு ஏறினால் ரியூப்பின் வெளிச்சம் குறையும், எல்.ஈ.டி.யின் ஆயுள் குறையும், நெகற்றிவ் நெளியும். ஆகவே துவாரம் இல்லாமல் முடியாது. துவாரத்தின் முன் நேரே பார்த்தால் ரியூப் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விதி. துவாரத்துக்கு உள்ளே ஒரு பலகை, அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு பலகை என்று காற்று வளைந்து வளைந்து போகிற மாதிரி வைத்து, அந்த வழி முழுவதற்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பூச வேண்டும். காற்று வளையும். வெளிச்சம் ஒவ்வொரு வளைவிலும் கறுப்பில் பட்டு அழியும். காற்றாடி போட்டால் அது பின்பக்கம், சுவரைப் பார்த்து.

மூன்றாவது, மூடியைத் திறக்கிற கை. நேரம் முடிய முன் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்குவது எல்லோருக்கும் உள்ள ஆசை. மூடி திறந்தால் மின்சாரம் நிற்கிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கதவுச் சுவிட்சைப் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அது கதவு திறந்தால் விளக்கை எரிய விடுவது, நமக்குத் தலைகீழாக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருக்கிற சின்னச் சுவிட்ச் பொருந்தும். கூடவே நேரம் பார்த்து அணைக்கிற ரைமர் ஒன்றும் இருந்தால், பெட்டிக்குப் பக்கத்தில் காவல் நிற்க வேண்டியதே இல்லை. 230 வோல்ற்று ஓடுகிற பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டுகிறவர்கள் அதை ஹோல்டரிலிருந்தும் வயரிலிருந்தும் தள்ளி ஒட்டி, தகட்டு உடம்பென்றால் எர்த் கொடுத்து, வயரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு எரிப்பது நல்லது. யூவி ஒரு வருடத்தில் செய்வதை மின்சாரம் ஒரு நொடியில் செய்துவிடும்.

தூரம் உதவும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் இரண்டு மடங்கு தூரத்தில் நாலில் ஒன்றாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, இரண்டு அடி அகலமான ரியூப் வரிசைக்குப் பக்கத்தில் பொருந்தாது. நாலைந்து அடி தள்ளிய பிறகுதான் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும்.

சரி, கட்டி முடித்த பெட்டி கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் சோதனைக்குச் செலவே இல்லை. சலவைத்தூளில் தோய்த்த வெள்ளைச் சேர்ட்டும் போட்டோக்கொப்பிக் கடதாசியும் யூவி பட்டால் நீலமாக ஒளிரும். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கிற சின்ன விளக்குக்கு அடியில் சேர்ட்டின் கை ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இரவில் அறையை முழு இருட்டாக்கி, பெட்டியை எரியவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைக் கடதாசியை மூடி விளிம்பு, துவாரம், வயர் போகிற ஓட்டை என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோனால், கசிகிற இடத்தில் கடதாசி சட்டென்று எரிகிற மாதிரித் தெரியும். ஆணி ஓட்டை கூட அகப்படும்.

ஆனால் அது எங்கே என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. எவ்வளவு என்பதற்கு நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: சயனோரைப் கடதாசி. மருந்து பூசிக் காய்ந்த கடதாசியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து ஒட்டுங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் கண் உயரத்தில் ஒன்று, மூடியின் பொருத்துக்கு முன்னால் ஒன்று, துவாரத்துக்கு முன்னால் ஒன்று, அடுத்த அறையில் பிள்ளை படிக்கிற மேசையில் ஒன்று. வெளியே நன்றாக இருண்ட பிறகு, ஒரு இரவு வேலைக்கு எவ்வளவு நேரம் பெட்டி எரியுமோ அவ்வளவு நேரம் எரியவிட்டு, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கழுவுங்கள். குற்றி இருந்த வட்டம் வெள்ளையாகவும் சுற்றி மெல்லிய நீலமாகவும் வந்தால் அங்கே கதிர் வந்திருக்கிறது. வட்டமே தெரியாவிட்டால் நல்லது.

ஒப்பிட இன்னொரு துண்டு வேண்டும். அதே கடதாசியைப் பெட்டிக்குள் வைத்து 15 செக்கன், 30 செக்கன், 1 நிமிடம், 2 நிமிடம், 3 நிமிடம் என்று படி படியாக வெளிச்சம் காட்டிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 5 மில்லிவாற்று என்று வைத்தால், 30 செக்கன் படி 0.15 ஜூல், 200 செக்கன் 1 ஜூல். மேசையில் இருந்த துண்டின் நீலம் 30 செக்கன் படியோடு ஒத்துப்போனால், அந்த இரவில் அங்கே இருந்தவர் அன்றைய எல்லையில் ஏழில் ஒரு பங்கை வாங்கியிருக்கிறார். 3 நிமிடப் படியை எட்டினால் எல்லையின் ஓரத்தில் நிற்கிறார். பெட்டியைத் திருத்தும்வரை எரிக்கக்கூடாது. உள்ளே 5தானா என்று அறிய மீற்றர் இல்லாதவர்கள், தெளிந்த உச்சி வெயிலில் அதே கடதாசி எடுக்கிற நேரத்தோடு பெட்டியின் நேரத்தை ஒப்பிடலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் 5 என்ற கணக்கு ஓடும். ஆய்வுகூடத் துல்லியம் இதில் இல்லை, ஈரப்பதனுக்கே கடதாசி மாறும். ஆனால் கண்ணால் ஊகிப்பதை விட எவ்வளவோ மேல்.

பாதுகாப்புக் கண்ணாடியையும் இதே கடதாசி சோதிக்கும். கண்ணாடியின் உள்பக்கம் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் யன்னல் கண்ணாடித் துண்டுக்கு அடியில் ஒன்று, மறைப்பே இல்லாமல் ஒன்று என்று பெட்டிக்குள் முழு நேரம் காட்டிக் கழுவிப் பாருங்கள். யன்னல் கண்ணாடிக்கு அடியில் இருந்தது வெறுமனே இருந்ததைப் போலவே நீலமாக வரும். நல்ல பொலிகாபனேற் கண்ணாடிக்கு அடியில் இருந்தது வில்லையின் நடுவில் வெள்ளையாகவே நிற்கும். வாங்கும்போது ஈ.என். 170 தரமும் 2சி-1.2 என்ற குறியும் அல்லது யூ6 என்ற குறியும் பார்த்து வாங்கலாம். பக்கத்தாலும் மூடியிருக்க வேண்டும். கறுத்த வெயில் கண்ணாடி என்பதற்காக யூவியை மறிக்கும் என்றில்லை. மறிக்காத கறுப்புக் கண்ணாடி கருமணியை விரித்துவிட்டுக் கதிரையும் உள்ளே விடும். 395, 405 எல்.ஈ.டி. வைத்திருப்பவர்களுக்குத் தெளிந்த பொலிகாபனேற் போதாது. செம்மஞ்சள் நிற வில்லை வேண்டும்.

தோலுக்கு நீட்டுக் கை உடுப்பும் கையுறையும் போதும். ஆனால் இரண்டு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்போகத்தில் வயலுக்கு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கச் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். அந்த மருந்து எடுக்கிற காலத்தில் தோல் யூவி-ஏக்கு வழமையை விடச் சுலபமாக வேகும். பெட்டி எரிகிற காலமும் அதே மாரி காலம்தான். குளிசையை நிறுத்த வேண்டாம், பெட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும். மற்றது தேசிக்காய். அதன் தோலில் உள்ள சாறு கையில் பட்டுக் கழுவாமல் யூவி-ஏ பட்டால் கொப்பளித்துக் கறுத்துப்போகும். குசினியிலிருந்து நேரே பெட்டிக்குப் போகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதை விடத் தெளிவானது, கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். அவர்களைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாயம் காட்ட வேண்டாம். இலையும் பூவும் வைத்து முற்றத்து வெயிலில் சயனோரைப் செய்ய விடுங்கள், அதில் அவர்களுக்கு இன்னும் சந்தோசம்.

மறைப்பைப் பற்றிச் சொல்லும்போது இது வெறும் செலவு என்று சிலர் நினைப்பார்கள். கசிகிற பெட்டிக்குப் பக்கத்தில் கொடியில் காய்கிற அடுத்த கடதாசியும் கெடுகிறது. வெள்ளையாக வர வேண்டிய இடம் மங்கல் நீலமாக வந்தால், மருந்து பழசு, தண்ணீர் கெட்டது, கடதாசி சரியில்லை என்று தேடுவார்கள். வன்னியின் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் பழியை அதன் மேல் போடுவதும் சுலபம். முதலில் பெட்டியைப் பார்க்கலாம்.

வீட்டில் எப்போதாவது அச்சிடுகிறவர்களை விட எனக்குக் கவலை தருவது கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள். ஏ9 வீதி நெடுகிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ரீசேர்ட், பானர், கலியாண அட்டை அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை நடக்கிறது. வலைத்துணி இழுத்துக் கட்டிய அச்சுச் சட்டத்தில் படம் பதிக்க அவர்கள் எரிப்பதும் யூவி ரியூப்தான். அந்த மேசையில் ரியூப் கீழே, கண்ணாடி மேலே. வெளிச்சம் நேரே முகத்துக்கு எழும்பும். சட்டத்தைச் சுற்றிக் கண்ணாடியில் வெறுமனே விட்ட இடமெல்லாம் திறந்த யன்னல். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டே நாள் முழுக்க அந்த வேலை செய்கிறார்கள். கடைக்காரர் செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை: மேசை முழுவதையும் மூடுகிற, ஓரம் கீழே தொங்குகிற தடித்த கறுப்பு ரெக்சீன் ஒன்று, சுவிட்சை மேசையிலிருந்து எட்டடி தள்ளிச் சுவரில் வைப்பது, ஆளுக்கொரு கண்ணாடி. வாடிக்கையாளர் நிற்கிற கவுண்டருக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு பிளைவூட் தகடு. மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு ஹாட்வெயார் கடைக்குள் போனால் கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.